முந்தைய இரவே தயாராகும் காலை உணவு: முட்டை பிரெட் கேசரோல் செய்முறை

அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையிலும், நன்றி நவிலல் நாளுக்கு வந்து தங்கிய உறவினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரும் மறுநாள் காலையிலும் தவறாமல் மேசைக்கு வருவது காலை உணவு கேசரோல். காய்ந்த பிரெட் துண்டுகள், வறுத்த சாசேஜ், காய்கறி, சீஸ் ஆகியவற்றை ஒரு பெரிய தட்டில் அடுக்கி, முட்டையும் பாலும் கலந்த கரைசலை அதன்மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறவைத்து, காலையில் ஓவனில் வேகவைத்து எடுக்கும் உணவு இது. அடுக்கடுக்காகச் செய்வதால் ஸ்ட்ராட்டா என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. எட்டுப் பேருக்கு ஒரே தட்டில் வயிறு நிறையும் உணவு கிடைத்துவிடும். ஆளுக்கொரு ஆம்லெட் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே காலைப்பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை.

செய்வது எளிது என்றாலும், முதல்முறை செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் கெடும்: அடியில் நீர் தேங்கி, நடுப்பகுதி கொழகொழவென்று இருக்கும். காரணம் முட்டையிலோ ஓவனிலோ இருப்பதைவிட, தேவையில்லாத ஈரத்தில் இருப்பதே அதிகம். பிரெட்டில் மிஞ்சியிருக்கும் ஈரம், கீரையும் காளானும் விடும் நீர், சாசேஜில் தங்கிய கொழுப்பு ஆகிய மூன்றையும் முதல் நாளே வெளியேற்றிவிட்டால், முட்டைப்பால் தவிர வேறெந்த ஈரமும் தட்டுக்குள் இராது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இதற்காகவே எழுதப்பட்டவை என்பதால், அவசரமான நாளிலும் அவற்றை மட்டும் தவிர்க்காதீர்கள்.

தேவையானவை

23 செ.மீ. அகலமும் 33 செ.மீ. நீளமும் (9 × 13 அங்குலம்) குறைந்தது 5 செ.மீ. ஆழமும் கொண்ட ஓவன் தட்டு ஒன்று வேண்டும். அந்த அளவுக்கு 450 கிராம் பிரெட், 10 முட்டை, 700 மி.லி. கொழுப்பு நீக்காத பால், 225 கிராம் செடார் சீஸ், 450 கிராம் சாசேஜ், ஒரு பெரிய வெங்காயம், ஒரு சிவப்புக் குடைமிளகாய், 200 கிராம் பசலைக்கீரை அல்லது காளான், ஒரு தேக்கரண்டி கடுகுப் பொடி, முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், தட்டில் தடவ வெண்ணெய் ஆகியவை போதும்.

பாலைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கடைகளில் முழுப்பால் என்று விற்பதில் கொழுப்பு 3.25 சதவீதம். இந்தியாவில் சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், முழுக் கொழுப்புப் பாலில் 6 சதவீதமும் இருப்பதால், இரண்டில் எதுவும் பொருந்தும். கொழுப்பு நீக்கிய பாலில் மட்டும் செய்ய வேண்டாம். முட்டை இறுகும்போது ரப்பர் போலாகிவிடும். இன்னும் செழுமையாக வேண்டுமென்று நினைப்பவர்கள் 200 மி.லி. பாலைக் குறைத்து, அதே அளவு கிரீம் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: பிரெட்டைக் காயவைத்தல்

மென்மையான வெள்ளைச் சாண்ட்விச் பிரெட் இதற்கு ஏற்றதன்று. ஊறியதும் கரைந்து கூழாகிவிடும். பிரெஞ்சு பிரெட், சோர்டோ (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் பிரெட்), ஹாலா (முட்டை சேர்த்த யூதர்களின் பிரெட்) போல எளிதில் கரையாத, உறுதியான பிரெட்டை வாங்கி, மேல்தோலோடு 2.5 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். சோர்டோவின் மெல்லிய புளிப்பு சாசேஜின் கொழுப்பைத் தாங்கிப்பிடிப்பதால் எனக்கு அதுவே முதல் தேர்வு. ஹாலா சற்று இனிப்பாக இருப்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

முந்தைய நாள் பிரெட் மேலானது என்று சமையல் குறிப்புகள் எல்லாம் சொல்லும். ஆனால் பிரெட்டை வெறுமனே வெளியில் வைத்திருந்தால் மேல்பகுதி மட்டும் விறைத்து, உள்ளே ஈரம் அப்படியே இருப்பதுண்டு. வெட்டிய துண்டுகளை அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 150 டிகிரி செல்சியஸ் (300 ஃபாரன்ஹீட்) ஓவனில் 15 நிமிடம் வைத்து எடுப்பதே நம்பகமான வழி. இடையில் ஒருமுறை கிளறிவிடுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை. ஒரு துண்டை விரல்களுக்கிடையே அழுத்தினால் அமுங்காமல் உறுதியாக நின்று, ஓரம் மட்டும் பொடிந்து உதிர வேண்டும். அந்தப் பதம் வந்த பிரெட் முட்டைப்பாலை உள்வரை இழுத்துக்கொள்ளும், ஆனால் வடிவம் கலையாது.

இரண்டாம் படி: சாசேஜும் காய்கறியும்

அமெரிக்காவில் காலை உணவுக்கென்று விற்கும் சாசேஜ், சேஜ் என்ற மூலிகையும் மிளகும் கலந்த பன்றி இறைச்சிக் கொத்து. அது வேண்டாதவர்கள் கோழி அல்லது வான்கோழி சாசேஜ் எடுத்துக்கொள்ளலாம். உறையை நீக்கி, எண்ணெய் விடாத வாணலியில் போட்டு, மரக்கரண்டியால் உடைத்துக்கொண்டே மிதமான சூட்டில் நன்றாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் எங்கும் தென்படக் கூடாது. பின்பு துளைக்கரண்டியால் எடுத்துக் காகிதத் துண்டின்மேல் பரப்பினால், கொழுப்பு அதில் இறங்கிவிடும்.

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி அளவு கொழுப்பை மட்டும் விட்டுவைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் அதிலேயே வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிப் பதத்தைத் தாண்டி ஓரங்களில் பொன்னிறம் காட்டத் தொடங்கும்வரை பொறுங்கள். காளான் சேர்ப்பதாக இருந்தால் அதைத் தனியாக வதக்குவது நல்லது. காளானில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். வாணலியில் போட்ட சில நிமிடங்களில் அந்த நீர் குளம்போல் வெளியே வரும். அது முழுவதும் வற்றி, மறுபடியும் சுருசுருவென்று ஓசை கேட்கும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். பசலைக்கீரையாக இருந்தால் இரண்டு நிமிடம் வதக்கி, ஆறியதும் கைக்குள் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். 200 கிராம் கீரை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பிழிந்த பச்சை நீர் கால் தம்ளருக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்தால், அதை அப்படியே தட்டில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது விளங்கும்.

இவை எல்லாம் முழுவதுமாக ஆற வேண்டும். சூடான சாசேஜை முட்டைக் கரைசலோடு சேர்த்தால் முட்டை அங்கங்கே திரிந்துபோகும். மேலும், வெதுவெதுப்பான பச்சை முட்டைக் கலவை ஃபிரிட்ஜில் குளிர நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அது பாதுகாப்பானதும் அன்று.

மூன்றாம் படி: முட்டைப்பால் கரைசல்

பெரிய பாத்திரத்தில் முதலில் முட்டைகளை மட்டும் உடைத்து ஊற்றி, உப்பு, மிளகுத்தூள், கடுகுப் பொடி, ஜாதிக்காய் சேர்த்து, வெள்ளைக்கரு இழையிழையாகத் தெரியாத அளவுக்கு அடியுங்கள். பிறகே பாலை ஊற்ற வேண்டும். பாலையும் முட்டையையும் ஒன்றாக ஊற்றி அடித்தால் கடுகுப் பொடி கட்டிகட்டியாக மிதக்கும். நுரை வர அடிப்பதற்கு இது கேக் அன்று; கலந்தால் போதும்.

சில அமெரிக்கக் குறிப்புகளில் இந்த இடத்தில் ஒரு டப்பா காளான் சூப்பையும் ஊற்றச் சொல்வார்கள். 1934-இல் கேம்ப்பெல் நிறுவனம் கெட்டியான காளான் சூப்பை டப்பாவில் விற்கத் தொடங்கிய பிறகு, அது அங்குள்ள கேசரோல் வகைகள் பலவற்றில் சாறாகவே மாறிவிட்டது. 1955-இல் அதே நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டோர்கஸ் ரைலி உருவாக்கிய பீன்ஸ் கேசரோல் இன்றுவரை நன்றி நவிலல் விருந்தில் இடம்பெறுகிறது. பீன்ஸுக்கு அது பொருந்தலாம். சாசேஜும் செடாரும் ஏற்கெனவே உப்பைக் கொண்டுவரும் இந்த உணவில் அது மிகை என்பது என் கருத்து. இங்கே உப்பு முக்கால் தேக்கரண்டியோடு நிற்பதும் அதே காரணத்தால்தான்.

நான்காம் படி: அடுக்குதல், ஊறவைத்தல்

சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவியே விற்கும் சீஸில் இழைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது உருகும்போது சீராகப் படராது.

தட்டின் அடியிலும் பக்கங்களிலும் மூலைகளிலும் வெண்ணெய் தடவி, பிரெட்டில் பாதியைப் பரப்புங்கள். அதன்மேல் சாசேஜிலும் காய்கறியிலும் பாதி, சீஸில் மூன்றில் ஒரு பங்கு. மீதிப் பிரெட், மீதிச் சாசேஜும் காய்கறியும், இன்னொரு பங்கு சீஸ் என்று மறுபடியும் அடுக்குங்கள். கடைசிப் பங்கு சீஸைக் காலைக்கு எடுத்துவையுங்கள்.

முட்டைப்பாலை ஒரே இடத்தில் கொட்டாமல், ஓரங்களிலிருந்து தொடங்கித் தட்டு முழுவதும் மெதுவாக ஊற்றுங்கள். மேலே நிற்கும் பிரெட் துண்டுகள் முதலில் நனையாமலே இருக்கும். உள்ளங்கையால் அழுத்தி, பத்து நிமிடம் விட்டு, மறுபடியும் அழுத்துங்கள். இரண்டாவது முறை அழுத்தும்போது கரைசல் ஓரத்தில் எழும்பி மேல் துண்டுகளையும் நனைத்துவிட்டுக் கீழிறங்கும். அதன்பின் தட்டை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஃபிரிட்ஜின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறினால் நன்று. 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். ஒரே ஒரு மணி நேரம் ஊறவைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் துண்டுகளின் நடுவில் வெள்ளையாக, உலர்ந்த பொட்டுகள் இருக்கும். இரவு ஊறல் என்பது நமது வசதிக்காக மட்டும் வந்த ஏற்பாடு அன்று. பிரெட்டும் முட்டையும் வேறுவேறாகத் தெரியாமல் ஒன்றாகிப் போவது அந்த நேரத்தில்தான்.

ஐந்தாம் படி: காலையில் வேகவைத்தல்

எழுந்தவுடன் தட்டை வெளியே எடுத்துவைத்து, ஓவனை 175 டிகிரி செல்சியஸில் (350 ஃபாரன்ஹீட்) சூடாக்குங்கள். கண்ணாடித் தட்டையோ பீங்கான் தட்டையோ ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும் என்பதால், அரை மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும். எடுத்துவைத்த சீஸைத் தூவி, வெண்ணெய் தடவிய அலுமினியத் தாளால் மூடி, ஓவனின் நடுத்தட்டில் 30 நிமிடம் வையுங்கள். பின்பு தாளை நீக்கி மேலும் 25 முதல் 30 நிமிடம் விட்டால், மேல்பகுதி பொன்னிறமாகி, ஓரங்கள் உப்பி எழும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே சிவந்திருக்கும்போதே நடுவில் பச்சையாக இருப்பதுண்டு. மெல்லிய கத்தியை நட்டநடுவில் இறக்கி எடுத்துப் பாருங்கள். பால் போன்ற ஈரம் ஒட்டினால் இன்னும் ஐந்தாறு நிமிடம் வேண்டும்; உருகிய சீஸ் ஒட்டினால் அது கணக்கில்லை. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஐயமே இல்லை. இறைச்சி சேர்ந்த கேசரோலின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை (165 ஃபாரன்ஹீட்) எட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டல். அந்த அளவை எட்டியதும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் நெடுநேரம் சூடேறினால் முட்டைப் புரதம் அளவுக்கு மீறி இறுகி, பிடித்துவைத்திருந்த நீரை வெளியேற்றும். முதல் நாள் முழுவதும் விலக்கிய ஈரம் மறுபடியும் தட்டுக்கு வந்து சேரும்.

வெளியே எடுத்ததும் 10 முதல் 15 நிமிடம் தொடாமல் வையுங்கள். உப்பியிருந்த மேற்பகுதி சற்று அமிழும், அது இயல்பு. அந்த நேரத்தில் வெட்டினால் சரியும், பொறுத்து வெட்டினால் துண்டுகள் சதுரமாக நிற்கும். நெடுக்கில் நான்காகவும் குறுக்கில் இரண்டாகவும் வெட்டினால் எட்டுப் பங்கு. கொழுப்பு மிகுந்த உணவாதலால், பக்கத்தில் ஆரஞ்சுச் சுளைகளோ வேறு புளிப்புப் பழமோ வைப்பது பொருத்தம்.

அளவைக் குறைக்கவும் பொருளை மாற்றவும்

நால்வருக்கு மட்டும் செய்வதாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்கி, 20 செ.மீ. சதுரத் தட்டில் செய்யலாம். மொத்தம் 45 நிமிடத்தில் வெந்துவிடும். மேசைமேல் வைக்கும் சிறிய ஓ.டி.ஜி. ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால், தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, தாளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் நீக்குங்கள்.

இறைச்சி வேண்டாமென்றால் சாசேஜை விட்டுவிட்டு, காளானை 400 கிராமாக உயர்த்தி, உப்பைக் கால் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். தக்காளியைப் பச்சையாகச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் விதையை நீக்கி, நீர் வற்ற வதக்கிய பிறகு சேர்க்கலாம். பச்சை மிளகாய் இரண்டை வெங்காயத்தோடு வதக்கினால் நம் நாவுக்கு இதமாக இருக்கும், பக்குவத்துக்கும் ஒரு குறையும் வராது.

மிஞ்சியதை வைத்திருத்தல்

வெந்த கேசரோல் அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம்வரை சுவை குன்றாது. வேண்டிய துண்டை முந்தைய இரவே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலைக்குள் இளகியிருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பிரெட் துவண்டுபோகும் என்பதால், நேரம் இருந்தால் 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் தாளால் மூடி 15 முதல் 20 நிமிடம் வைத்து, நடுவரை ஆவி பறக்கும் சூடு ஏறியதை உறுதி செய்துகொண்டு பரிமாறுங்கள்.