செமினார் பேப்பர்ல அட்டென்டன்ஸும் கிரிட்டிக்கும்: மதுரைப் பக்கம் பிஜி சேர்ந்தவங்களுக்கு

இந்த வருஷம் எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்ந்த தம்பி தங்கச்சிங்க, கூடவே பிஹெச்.டி. கோர்ஸ்வொர்க் பண்றவங்கன்னு நாலஞ்சு பேரு ஒரே கேள்வியதான் கேட்டாங்க, செமினார்ல பெரிய பரீட்சையே இல்லயே அப்புறம் எதுக்கு அட்டென்டன்ஸ இவ்வளவு கறாரா பாக்குறாங்க, கூடப் படிக்கிறவங்க வாசிக்கிற கட்டுரைக்கு வாராவாரம் கிரிட்டிக், அதாவது விமர்சனக் குறிப்பு, எழுதிட்டு வான்னு சொல்றாங்களே அதுல என்னதான் எழுதணும்னு. எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன், உங்க டிபார்ட்மென்ட் விதி கொஞ்சம் மாறலாம், மொத நாளே கோர்ஸ் தாள வாங்கிப் படிச்சுருங்க.

மொதல்ல கணக்கு. செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதாவது 15 வாரம், பொதுவா 75 சதவீதம் வரணும். மத்த பேப்பர்னா வாரத்துக்கு நாலஞ்சு பீரியட் இருக்கும், ரெண்டு போனாலும் சமாளிச்சுக்கலாம். செமினார் பல எடத்துல வாரத்துக்கு ஒரே ஒருக்க மொத்தமா ரெண்டு மூணு மணி நேரம் நடக்கும், அப்ப செமஸ்டர் முழுக்க 15 தடவதான் கூடுவீங்க, அதுல 75 சதவீதம்னா 11.25, கால் கிளாஸுக்கு வர முடியாதுல்ல, அதனால 12 வந்தே ஆகணும். ஆக உங்க கைல இருக்குறது மூணே மூணு லீவு. அந்த மூணையும் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் வச்சுக்கங்க. ஈவன் செமஸ்டர்ல ஜனவரில அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வரும், ஏப்ரல் வாக்குல சித்திரைத் திருவிழா வரும், அரசாங்கம் விடுற லீவு கணக்குல வராது, அதுக்கு முன்னாடி ஒரு நாளு பின்னாடி ஒரு நாளுன்னு நாமளா சேத்துக்குறோம் பாருங்க, அதுதான் கடைசில இடிக்கும்.

75க்குக் கீழ போயிட்டா கொஞ்சம் வரைக்கும் மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து கண்டோனேஷன் பணம், அதாவது வருகைக் குறைய மன்னிக்கச் சொல்லிக் கட்டுற பணம், கட்டி பரீட்சைக்கு உக்காரலாம், அதுக்கும் கீழ போனா முடியாது. கான்ஃபரன்ஸ், என்எஸ்எஸ் கேம்ப்னு போனா ஓடி (ஆன் டியூட்டி) ஃபார்ம்ல போறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிருங்க. யாரையும் உங்களுக்காக கையெழுத்து போடச் சொல்லாதீங்க, பத்துப் பதினஞ்சு பேரு சுத்தி உக்காந்துருக்க ரூம்ல உங்க நாற்காலி காலியா இருக்குறது எல்லாருக்கும் தெரியும், போடுற ஃபிரண்டும் சேந்து மாட்டுவாங்க. மேலூர் பக்கம் இருந்து காமராஜர் பல்கலைக்கழகத்துக்கு வர்றவங்க மாட்டுத்தாவணில எறங்கி ஊரையே குறுக்க தாண்டி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வரணும், காளவாசல் டிராஃபிக்ல நின்னுட்டா அவ்வளவுதான், அதனால செமினார் அன்னிக்கு மட்டுமாவது வெள்ளன கெளம்பிருங்க. லேட்டா வந்தா பாதி அட்டென்டன்ஸா, ஒண்ணுமே இல்லயான்னு மொத வாரமே கேட்டு வச்சுக்கங்க.

சரி, எதுக்கு இவ்வளவு கறாரு? நம்ம ஊர் கதை ஒண்ணு இருக்கு, இறையனார் களவியல்னு ஒரு பழைய இலக்கண நூல், அதோட உரையிலயே வருது. சங்கப் புலவர்கள் 49 பேரும் அந்த நூலுக்கு உரை சொன்னாங்க, யார் உரை சரின்னு முடிவாகல, கடைசில உருத்திரசன்மன்னு வாய் பேசாத அஞ்சு வயசுப் பையன உக்கார வச்சு ஒவ்வொருத்தரா சொன்னாங்க. மத்தவங்க சொன்னப்ப சும்மா இருந்தவன், மருதனிளநாகனார் சொன்னப்ப சில எடத்துல கண்ணீர் விட்டான், நக்கீரனார் சொன்னப்ப வார்த்தைக்கு வார்த்தை மெய்சிலிர்த்து அழுதான், அதுதான் உரைன்னு ஏத்துக்கிட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சதே அவன் 49 பேரையும் முழுசா கேட்டான்றதுதான். செமினார்ல உங்க வேலையும் அதுதான், அதுக்குத்தான் ஆளு வந்து உக்காரணும்.

இப்ப கிரிட்டிக். பேப்பர் கைக்கு வந்ததும் ரெண்டு தடவ படிங்க, மொத தடவ பேனாவத் தொடாம. அப்புறம் ஒரு பக்கம் எழுதுங்க. ஆரம்பத்துல இந்தக் கட்டுரை என்ன சொல்லுதுன்னு மூணு நாலு வரில, எழுதுனவங்க படிச்சா ஆமா இதத்தான் சொன்னேன்னு ஒத்துக்குற மாதிரி. பலபேரு இத விட்டுட்டு நேரா குத்தம் சொல்லப் போயிடுறாங்க, கடைசில பாத்தா கட்டுரைல இல்லாத ஒண்ணோட சண்ட போட்டுக்கிட்டு இருப்பாங்க. அடுத்தது ஆதாரம் எங்க இருந்து வந்துச்சு, அது அந்த முடிவத் தாங்குதா. உதாரணத்துக்கு ஒருத்தங்க மதுரை மல்லி வியாபாரம் பத்தி எழுதுறாங்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல காலைல 30 வியாபாரிங்கள பாத்துப் பேசிட்டு, மல்லி விலை ஏறுனா எல்லாருக்கும் லாபம்னு முடிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். நல்லா இருக்குன்னு எழுதுனாலும் பிரயோஜனம் இல்ல, சரியில்லன்னு எழுதுனாலும் பிரயோஜனம் இல்ல. தோட்டத்துல விடியமுன்ன பூப் பறிக்கிறவங்க, வீட்டுல கூலிக்கு பூக் கட்டுறவங்க இந்த 30 பேர்ல ஒருத்தராவது இருக்காங்களா, இல்லாட்டி "எல்லாருக்கும்"ன்ற வார்த்தை நிக்குமான்னு கேளுங்க, கூடவே இந்தக் கட்டுரைய வியாபாரிகளோட மட்டும் நிறுத்திக்கிட்டா முடிவு இன்னும் உறுதியா இருக்கும்னு ஒரு வழியும் சொல்லுங்க. அப்படி ஒரு பெரிய கேள்வி போதும், எழுத்துப்பிழை, அடிக்குறிப்புப் பிழை எல்லாம் தனித் தாள்ல எழுதி கைல குடுத்துருங்க, எல்லார் முன்னாடியும் வேணாம்.

கூடப் படிக்கிறவங்களா இருந்தாலும் கிரிட்டிக்ல மரியாதையா எழுதுங்க, ஆளப் பத்தி இல்லாம கட்டுரையப் பத்தி, "நீங்க தப்பு பண்ணிருக்கீங்க"ன்றதுக்கு பதிலா "இந்தப் பகுதில ஆதாரம் குறையுது"ன்னு. கிளாஸ் முடிஞ்சதும் அன்னிக்கே அஞ்சாறு வரி சேருங்க, பேசுனதுல உங்க கருத்து எது மாறுச்சுன்னு. வராதவங்களால எழுத முடியாத பகுதி அது ஒண்ணுதான், ஏஐ செயலிகிட்ட குடுத்து எழுதி வாங்குனாலும் அது வராது, பல வாத்தியாருங்க மொதல்ல பாக்குறதும் அதத்தான்.

என் பேப்பர் வாசிச்ச அன்னிக்கு எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க, நானும் சந்தோஷமா போயிட்டேன். வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளிய இருந்து வந்தவரு மொதக் கேள்வியா ஏன் இந்த ஊர மட்டும் எடுத்தீங்கன்னு கேட்டாரு, எனக்கு வாயே வரல. கூட உக்காந்துருந்த பன்னெண்டு பேர்ல ஒருத்தர் அத முன்னாடியே கேட்டுருந்தா ஆறு மாசம் இருந்துருக்கும் எனக்கு யோசிக்க. நானும் மத்தவங்க பேப்பருக்கு அப்படித்தான் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துருக்கேன், அது இன்னும் உறுத்துது.

உங்க பேப்பருக்கு கிரிட்டிக் வரும்போது உடனே பதில் சொல்லாதீங்க, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாருங்க. கடைசில திருத்தி சமர்ப்பிக்கும்போது எந்தக் கேள்விக்கு என்ன மாத்துனேன், எத ஏன் மாத்தலன்னு ஒரு பக்கம் சேத்து வைங்க. கோர்ஸ்வொர்க்ல இருக்கவங்களுக்கு யூஜிசி 2022 விதிப்படி 55 சதவீதம் மார்க் வேணும், அதனால வாராவார கிரிட்டிக்க கடைசில மொத்தமா எழுதிக்கலாம்னு விட்டுராதீங்க. அப்புறம் மொத வாரம் பேப்பர் வாசிக்கிற தேதி பிரிக்கும்போது அஞ்சாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ள ஒண்ணக் கேட்டு வாங்கிக்கங்க, அதுக்குள்ள நாலு பேரு பேப்பர கேட்டுருப்பீங்க, திருத்துறதுக்கும் நாள் இருக்கும்.