ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அதில் கலந்துகொள்வதும்

குடியை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் துணைகளுள் முதலில் சொல்லத் தக்கது, ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த பங்குச்சந்தை ஆள் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்த இந்த அமைப்பு, 1957 முதல் இந்தியாவிலும் இயங்கி வருகிறது. இதில் சேர விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. குடியை நிறுத்த விரும்புவது ஒன்றே தகுதி.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் குடியை நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் நினைவு தடுமாறுவதும் நேரலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ முதலில் சென்று, மருத்துவர் மேற்பார்வையில் குடியை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வருவதே முறை. ஏ.ஏ. மருத்துவச் சிகிச்சை அளிப்பதில்லை. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையையோ பொடியையோ கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே கேடு வரலாம் என்பதால், அந்த வழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை அறிய, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446-ஐ அழைத்து அருகிலுள்ள மையங்களைக் கேட்கலாம். அந்த மையங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் நடக்கும் ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம். கூட்டத்தின் தொடர்பு எண் கிடைத்ததும் நேரில் போய் நிற்பதைவிட ஒருமுறை பேசிவிடுவது நல்லது, ஏனெனில் இடமும் நேரமும் மாறியிருக்கலாம். தமிழில் நடக்கிறதா, எத்தனை மணிக்கு, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டத்தில் குடியை நிறுத்த விரும்புவோர் மட்டுமே அமரலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவியையோ அண்ணனையோ நண்பரையோ அழைத்துச் செல்லலாம். தனியே போகக் கூச்சப்படுபவருக்குத் திறந்த கூட்டமே நல்ல தொடக்கம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுபவர் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம், அல்லது இணையவழிக் கூட்டத்தில் சேரலாம்; ஆனால் முகம் பார்த்து அமரும் கூட்டத்துக்கு இணையம் ஈடாகாது என்பது என் எண்ணம்.

கூட்டங்கள் பலவும் மாலையில், தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடைபெறும். வழக்கமாகக் குடிக்கும் நேரமும் அதுவாகவே இருக்கும் என்பதால், போகும் வழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை மதியம் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. பழகிய கடை வழியில் இருந்தால், நான்கு தெரு சுற்றியாவது வேறு வழியில் போங்கள். கையில் பேருந்துக்கும் தேநீருக்கும் தேவையான பணம் மட்டும் இருந்தால் போதும்.

உள்ளே நடப்பது எளிமையானது. நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். நடத்துபவரும் உங்களைப் போல ஒரு குடிநோயாளிதான். சிறிது நேர மௌனம், ஒரு பிரார்த்தனை, அமைப்பின் முன்னுரை வாசிப்பு ஆகியவை முடிந்ததும், ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தம் கதையைப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிப்பதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். உண்மைப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை; அங்கே கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும் உங்கள் பொறுப்பு. இறுதியில் ஒரு பை சுற்றி வரும். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதில்லை என்பதால், வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே பணம் போடுகிறார்கள்; முதல்முறை வருபவர் எதுவும் போடவேண்டியதில்லை. கடவுள் என்ற சொல் அடிக்கடி காதில் விழும். அது அவரவர் புரிந்துகொண்டபடி என்பதே அங்குள்ள நிலை, நம்பிக்கை இல்லாதவரையும் யாரும் வெளியேற்றுவதில்லை.

முதல் கூட்டம் மனத்துக்கு ஒட்டாமல் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு சுபாவம் உண்டு என்பதால், மூன்று நான்கு இடங்களுக்குப் போய்ப் பார்த்த பின்பே முடிவெடுங்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் தேநீர் வேளையில் நில்லுங்கள். பல ஆண்டுகளாகக் குடிக்காதிருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள அதைவிடத் தோதான நேரம் கிடையாது. நாளடைவில் அவரே உங்கள் ஸ்பான்சராகவும், அதாவது உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராகவும், ஆகலாம். குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன்பே அந்த எண்ணை அழையுங்கள். இடையில் குடித்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் அடுத்த கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்களே.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. அதன் கூட்டங்கள் உங்கள் பகுதியில் நடக்கின்றனவா என்று ஏ.ஏ. எண்ணிலேயே கேட்டுப் பார்க்கலாம்.