நலங்கு மாவை விற்கப் போகிறீர்களா?

வீட்டு நலங்கு மாவை விற்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். நிழலில் காய்ந்த ரோஜா இதழும் ஆவாரம்பூவும் விரலில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். துவண்டால் மாவில் வண்டு விழும். நான் அரைத்த முதல் 2 கிலோ அப்படித்தான் வீணானது, இன்னும் மனம் ஆறவில்லை. மில்லில் மிளகாய் அரைத்த கையோடு இதைக் கொடுத்துவிடாதீர்கள், முகம் எரியும். 50 கிராம் பொட்டலங்களாகப் பத்துப் பேருக்குக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம்; பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. குளியல் பொடி அழகுசாதனப் பொருள் என்பதால், விற்பனைக்குத் தயாரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். லேபிளில் ‘தேமலைப் போக்கும்’ என்று எழுதிவிட்டால் மருந்துக்கான விதிகள் வந்துவிடும். அதற்கு உரிமம் வேறு.