வீட்டில் இசை கேட்பதற்கெனத் தனியாக ஒரு சேவையகம்: அமைக்கும் முறை

பாட்டுக் கோப்புகளைச் சேமித்து வைத்தல், அவற்றைப் பட்டியலிடுதல், கேட்கும் பாட்டை உரிய அறையின் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புதல் ஆகிய வேலைகளை மட்டும் செய்யும் சிறு கணினியையே இசைச் சேவையகம் என்கிறோம். மடிக்கணினியும் இதைச் செய்யக்கூடியதே. ஆனால் மடிக்கணினியில் இயங்குதளத்தின் ஒலிக்கலவை பல நேரம் இடையில் புகுந்து கோப்பின் மாதிரி வீதத்தை, அதாவது ஒரு நொடி ஒலியை எத்தனை எண்களாகப் பதிந்திருக்கிறது என்ற கணக்கை, மாற்றிவிடுகிறது. மின்னஞ்சல் வந்த ஓசை ஆலாபனைக்கு நடுவே ஒலிக்கிறது. வீட்டில் வேறொருவர் அதை எடுத்துச் சென்றால் இசையும் நின்றுபோகிறது. தனிச் சேவையகத்தில் இவை எதுவும் இல்லை. அதை ரூட்டருக்கு அருகில் வைத்துவிட்டு, கேட்கும் அறையில் இருந்தபடியே கைபேசியால் இயக்கலாம்.

இங்கே நான் விளக்குவது ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியையும், லிரியான் மியூசிக் சர்வர் என்ற இலவச மென்பொருளையும் கொண்ட அமைப்பு. 2019இல் வெளிவந்த இந்த ராஸ்பெரி பையில் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் தனித்தனிப் பாதைகளில் செல்கின்றன. முந்தைய மாதிரிகளில் இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டன. மென்பொருளுக்கு வரலாறு நீண்டது. ஸ்லிம் டிவைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற தன் இசை ஒலிப்பான் கருவிகளுக்காக எழுதியது அது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் கருவிகளின் தயாரிப்பு நின்றது. மூல நிரல் திறந்ததாக இருந்ததால் ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்து, 2024இல் லிரியான் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஒரு நிறுவனம் கைவிட்ட பிறகும் உயிருடன் இருக்கும் மென்பொருள் என்பதே அதை நம்பி என் சேகரிப்பை ஒப்படைத்ததற்கு முதற்காரணம்.

வாங்கவேண்டியவை அதிகம் இல்லை: பை பலகை, அதற்குரிய 5 வோல்ட் 3 ஆம்பியர் மின்வழங்கி, மெமரி கார்டு, பாட்டுகளுக்காக எஸ்எஸ்டி எனப்படும் யுஎஸ்பி சேமிப்பு வட்டு ஒன்று, எண் வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. கருவி. கடைசியாகச் சொன்னதில்தான் கவனம் தேவை. ஒத்திசைவற்ற முறையில் இயங்கும் யுஎஸ்பி டி.ஏ.சி.யில் காலக்கணக்கை டி.ஏ.சி.யின் கடிகாரமே நிர்ணயிக்கிறது. கணினி தரவை நேரத்துக்குள் கொடுத்தால் போதும். ஆகவே எண்கள் மாறாமல் போய்ச்சேரும் வரை, பல மடங்கு விலையுள்ள சேவையகம் இதைவிட நல்ல ஒலியைத் தரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்கும், எதிரொலியை அடக்கும் திரைச்சீலை, தரைவிரிப்பு போன்றவற்றுக்கும் செலவிடுங்கள். வேறுபாடு முதல் பாட்டிலேயே காதுக்குத் தெரியும்.

அடுத்து, குறுந்தகடுகளைக் கோப்புகளாக்கும் வேலை. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி ஆகிய மென்பொருள்கள் தட்டைச் சாதாரணமாக நகலெடுக்காமல், ஐயத்துக்குரிய இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கின்றன. பிறர் அதே தட்டை நகலெடுத்த முடிவோடு ஒப்பிடும் அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளமும் உண்டு. ஆனால் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்த் தட்டுகள் அதில் இல்லாமல் போகலாம். அப்போது ஒரே தட்டை இருமுறை படிக்கச் செய்து, இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு வடிவம் ஃப்ளாக் ஆகவே இருக்கட்டும். அது அளவைக் குறைக்குமே தவிர ஒலியில் எதையும் இழக்காது. எந்தச் சுருக்கநிலையைத் தேர்ந்தாலும் விரித்தால் கிடைப்பது அதே ஒலிதான். ஒரு தட்டுக்குச் சுமார் 300 முதல் 400 மெகாபைட் வரை பிடிக்கும். ஒரு டெராபைட் வட்டில் ஏறத்தாழ 3,000 தட்டுகள் அடங்கும். ஏற்கெனவே எம்பி3ஆக உள்ளவற்றை ஃப்ளாக்காக மாற்றுவதால் பயன் எதுவும் இல்லை, இழந்தது திரும்பாது.

கோப்புகளுக்கு விவரம் எழுதுவதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுக்கவேண்டும். சேவையகம் கோப்பின் பெயரையோ அடைவின் பெயரையோ பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கோப்புக்குள் இருக்கும் டேக் எனப்படும் குறிப்புகளைப் படித்தே பட்டியலை உருவாக்குகிறது. மேற்கத்திய பாப் இசையை மனத்தில் கொண்டு அமைந்த அந்தக் குறிப்புகளில் நம் இசையைப் பொருத்துவதற்குச் சில முடிவுகளைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளவேண்டும். திரைப்படப் பாடல்களில் ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு பாடகர்கள் பாடியிருப்பார்கள். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளரின் பெயரை ஒரே மாதிரி எழுதினால் படம் முழுவதும் அவர் பெயரின்கீழ் நிற்கும். காலியாக விட்டால் பலர் பாடிய தொகுப்புகளோடு கலந்துவிடும். பாடியவர் பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்துக்கு உரியது. கர்நாடக இசையில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' பாடகர் அல்லது முதன்மைக் கருவியை வாசித்தவர், 'கம்போசர்' பாட்டை இயற்றிய வாக்கேயக்காரர். ராகமும் தாளமும் எழுத இயல்பாக இடம் இல்லாததால், தலைப்பிலேயே கிருதி, ராகம், தாளம் என்ற வரிசையில் எழுதிவைப்பது எளிய வழி; தேடும்போது ராகத்தின் பெயரைத் தட்டினாலே அந்த ராகத்தில் உள்ளவை எல்லாம் வரும். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்களையும் குறிப்புப் பகுதியில் தவறாமல் எழுதுங்கள். அட்டையில் சிறிய எழுத்தில் அச்சான அந்தப் பெயர்கள் அட்டை தொலைந்தால் தொலைந்துபோகும்.

எழுத்து முறையும் முக்கியம். ஆங்கில எழுத்தில் தியாகராஜரின் பெயரை நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். எழுத்துக்கு ஒருவராக அவர் பட்டியலில் பிரிந்து நிற்பார். ஒரு முறையைத் தேர்ந்து அதையே கடைப்பிடியுங்கள். தமிழிலேயே எழுதினாலும் சிக்கல் இல்லை, ஃப்ளாக் குறிப்புகள் யூனிகோடில் அமைந்தவை. தலைப்பெழுத்தோடு தொடங்கும் பெயர்களுக்கு, அகரவரிசைக்கென உள்ள தனிக் குறிப்பில் இயற்பெயரை முதலில் எழுதினால், 'எம்' என்ற எழுத்தின்கீழ் பாதி வித்வான்கள் குவிவதைத் தவிர்க்கலாம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்டு போன்ற மென்பொருளில் ஓர் ஆல்பத்தை முழுமையாக ஒரே நேரத்தில் திருத்திவிடலாம்.

நிறுவும் வேலை சிறியது. பைகோர்பிளேயர் என்ற இயங்குதளத்தை இணையத்திலிருந்து இறக்கி, ராஸ்பெரி பை இமேஜர் மூலம் மெமரி கார்டில் எழுதி, பையை ஈதர்நெட் கம்பியால் ரூட்டரோடு இணைத்து மின்சாரம் கொடுங்கள். ரூட்டரின் பட்டியலில் அதன் முகவரியைப் பார்த்து உலாவியில் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். முதலில் கார்டின் கோப்பிடத்தைப் பெரிதாக்கி, பிறகு எல்எம்எஸ் (லிரியான் மியூசிக் சர்வரின் சுருக்கம்) பக்கத்தில் சேவையகத்தை நிறுவி, எஸ்எஸ்டியை இணைத்து, ஒலி வெளியீடாக உங்கள் டி.ஏ.சி.யைத் தேர்ந்தெடுங்கள். அதே முகவரியின் 9000 என்ற துறைஎண்ணில் (போர்ட்) லிரியான் திறக்கும். பாட்டுகள் உள்ள அடைவை அங்கே காட்டினால் அது தானே பட்டியலிடும். கைபேசிக்கு மெட்டீரியல் ஸ்கின் என்ற செருகுநிரல் வசதியானது. பைகோர்பிளேயர் முழுவதும் நினைவகத்தில் இயங்குவதால், மின்வெட்டில் கார்டு கெடும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதே காரணத்தால், எந்த மாற்றத்தைச் செய்தாலும் சேமிக்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் அது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும்.

இனி ஒலிப்பாதையைத் தூய்மையாக்கவேண்டும். லிரியானில் பிளேயர் அமைப்புக்குள் சென்று ஒலி அளவை 100 விழுக்காட்டில் நிலைநிறுத்தி, பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்து மாற்றும் கிராஸ்ஃபேடையும் தானாக ஒலி அளவைத் திருத்தும் வசதியையும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழால்தான் நடக்கும். ஒலிக்குமிழ் இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயரை நேராக இணைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. முழு அளவு ஒலி ஒரேயடியாகப் பாய்ந்து ஸ்பீக்கரையும் காதையும் கெடுக்கும். ராகம் தானம் பல்லவி தட்டில் மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்போது அவற்றுக்கிடையே நொடி நேர வெற்றிடம்கூட வரலாகாது. ஃப்ளாக் கோப்பும் இந்த அமைப்பும் சேர்ந்தால் அது வராது. மாதிரி வீதத்தைக் காட்டும் டி.ஏ.சி. இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டையும் 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுப் பாருங்கள். திரையில் எண் மாறாவிட்டால் வழியில் ஏதோ ஒன்று வீதத்தை மாற்றுகிறது என்று பொருள்.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்புகளைத் தேடி வாங்கவேண்டுமா என்ற கேள்வி எழும். குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் வீதமே மனிதச் செவி கேட்கும் எல்லையைத் தாண்டி 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவுசெய்கிறது. நல்ல ஒலிநாடாவிலிருந்து கவனமாகச் செய்த குறுந்தகடு, மோசமான மூலத்திலிருந்து செய்த உயர்வீதக் கோப்பைவிட எப்போதும் மேலானது. மூலம் எது என்பதை முதலில் விசாரியுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. மாதக்கணக்கில் நகலெடுத்து விவரம் எழுதிய சேகரிப்பை ஒரே வட்டில் வைத்திருப்பது ஆபத்து. இன்னொரு வட்டில் முழுப் பிரதி எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக் கோப்புக்குள்ளும் அதன் ஒலியின் சரிபார்ப்பு எண் பதிந்திருக்கிறது. ஃப்ளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளையை ஓட்டினால் சேதமடைந்த கோப்புகள் தெரிந்துவிடும். பழைய பிரதியின்மேல் புதிதாக எழுதுவதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்; இல்லையெனில் கெட்டுப்போன கோப்பு, நன்றாக இருந்த ஒரே பிரதியையும் அழித்துவிடும்.