பழைய லாரியைப் புகைச் சோதனைக்கு அனுப்பும் முன்

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழின் தேதி நெருங்கினால் லாரி உரிமையாளர்கள் பெயின்ட், டயர், பிரேக் ஆகியவற்றுக்குச் செலவிடும் கவனத்தைப் புகைக்குச் செலவிடுவதில்லை. செலவிடுகிறவர்களிலும் சிலர், சைலன்சரை மாற்றினால் புகை குறைந்துவிடும் என்று நம்பிக் குழாயில் கைவைக்கிறார்கள். கரும்புகை என்ஜினுக்குள் உண்டாவது. குழாய் அதை வெளியே கொண்டுவருவதோடு சரி.

முதலில் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழைப் பார்த்து, வண்டி எந்த பாரத் ஸ்டேஜை (சுருக்கமாக பி.எஸ்., அதாவது மாசு வரம்புப் படிநிலை) சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரல் 1 முதலும், பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதிப்படி, பி.எஸ்.4க்கு முந்தைய டீசல் வண்டியின் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகையும், பி.எஸ்.4 வண்டியினுடையது 50 அலகையும் தாண்டக்கூடாது. புகைச் சான்றிதழ் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதமும், பி.எஸ்.4 முதலான வண்டிகளுக்கு ஓராண்டும் செல்லும். எட்டு ஆண்டுகளைக் கடந்த லாரிக்கு எஃப்.சி.யை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சோதனையின்போது வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து என்ஜினை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். இப்படிப் பலமுறை செய்து சராசரி எடுப்பார்கள். என்ஜின் ஆயில் குறைந்தது 60 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பதால், ஷெட்டிலிருந்து எடுத்த வண்டியை நேராகச் சோதனை மையத்தில் நிறுத்தாமல், சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கொண்டுசெல்வது நல்லது.

அதற்கு முன் பட்டறையில் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையான வேலை. கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு என்று பொருள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால் டீசல் பீய்ச்சும் டைமிங்கையோ, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்பதையோ பார்க்க வேண்டும். கரும்புகைக்குச் செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்குங்கள்: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து செல்லும் ஹோஸில் விரிசல், அதன் பிறகு டீசலைத் தெளிக்கும் நாசில், கடைசியில் டீசல் பம்ப். மலைப்பாதையில் இழுவை போதவில்லை என்று டிரைவர் சொன்னதும் பம்பில் டீசலைக் கூட்டி வைப்பது நம் பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். அப்படிக் கூட்டி வைத்த வண்டி எத்தனை சைலன்சர் மாற்றினாலும் சோதனையில் தேறாது. பம்பைக் கழற்றி, பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் வைத்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மீட்டால்தான் தேறும். டீசல் செலவும் அதோடு குறையும் என்பதை மெக்கானிக்குகள் ஏனோ சொல்வதில்லை.

துருப்பிடித்த குழாயையும் ஓட்டை விழுந்த சைலன்சரையும் அதே அளவில், அதே வகையில் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்குத் தடையில்லை, பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். உள்தடுப்புகளை அறுத்தெடுப்பதும், சைலன்சரே இல்லாமல் நேர்க்குழாய் போடுவதும் வேறு வகை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். குழாயின் போக்கை மாற்றுகிறவர்கள், அது டீசல் லைனிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்ற விதியையும் மறந்துவிடுகிறார்கள். தீப்பிடிக்கும் ஆபத்தைக் கருதி வைத்த விதி அது.

பி.எஸ்.4 லாரிகளில் இன்னொரு தந்திரம் நடக்கிறது. வெளியேறும் புகையில் கலக்கும் யூரியா கரைசலான ஆட்ப்ளூவின் செலவை மிச்சப்படுத்த, என்ஜின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி அந்த அமைப்பையே செயலிழக்கச் செய்கிறார்கள். மையத்தில் அளப்பது கரும்புகையின் அடர்த்தியை மட்டுமே. ஆட்ப்ளூ கட்டுப்படுத்தும் நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்தக் கருவிக்கும் தெரியாது. ஆகவே அந்த வண்டி சான்றிதழ் வாங்கிவிடும், ஆனாலும் சட்டப்படி அது திருத்தப்பட்ட வண்டிதான். இப்படி ஒரு வண்டியை வாங்கியிருந்தால் எஃப்.சி.க்கு முன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் வண்டி எண்ணும் எரிபொருள் வகையும் சரியா என்று அங்கேயே பார்த்து, அரசின் வாகன் இணையதளத்தில் பதிவேறியதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். புகை வரம்பை மீறிய வண்டியை ஓட்டுபவர் மட்டுமன்றி, ஓட்ட அனுமதிப்பவரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு உள்ளாவார்.