மெழுகுவத்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது: சிறுவர் செயல்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நூலகங்களிலும் ஊராட்சிப் பள்ளிகளிலும் சிறுவர் முகாம்கள் களைகட்டும். கல்லூரி மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் அட்டைப்பெட்டி நிறையப் பொருள்களோடு வந்து இறங்குவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே, நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள் கொஞ்சமும் மாறாமல் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கக் கூடாது, தண்ணீர் சிந்தினால் துடைக்கத் துணி வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளோடு உட்காரும்போது உண்மையிலேயே கேடு செய்பவை வேறு.

குன்றிமணி

எண்ணப் பழக்குவதற்குப் பல்லாங்குழியைப் போல ஒரு விளையாட்டு கிடைக்காது. 14 குழிகள், கை நிறைய முத்துகள். கொஞ்ச நேரத்திலேயே குழந்தை, ‘இந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும்’ என்று மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடும். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று சிலர் குன்றிமணியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதன் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியானது. கடித்து உடைத்தாலோ, மாலை கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ அந்தக் காப்பு போய்விடும். குழந்தை கடித்துவிட்டது என்று தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

புளியங்கொட்டை போதும். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு, மூன்று வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும்.

எரிமலை

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவிடுங்கள். “எரிமலை இப்படித்தான் வெடிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மெழுகுவத்தி

இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதில்லை.

சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணைகிறது, தட்டுத் தண்ணீர் தம்ளருக்குள் ஏறுகிறது. குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். உடனே விளக்கம் வந்து விழும்: “தம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது.” கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. தவறு.

சென்ற ஆண்டு ஒரு முகாமில் இதே விளக்கத்தை ஓர் இளைஞர் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி கையைத் தூக்கினாள். “அண்ணா, எரிந்துகொண்டிருந்தபோது தண்ணீர் சும்மாதானே இருந்தது? அணைந்த பிறகுதானே சட்டென்று ஏறியது?” அவர் சிரித்துக்கொண்டே, “இல்லை பாப்பா, நீ சரியாகக் கவனிக்கவில்லை” என்றார். அவள் கையை இறக்கிக்கொண்டாள். முகாம் முடியும்வரை அந்தக் கை மறுபடி உயரவில்லை.

அந்த அறையில் சரியாகக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால், சுடர் எரியும் நேரம் முழுவதும் அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்திருக்க வேண்டும். நடப்பது அதுவல்ல. தம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே பிடிபடும் காற்று சுடரின் சூட்டில் விரிந்திருக்கிறது. தட்டுக்கு அருகே கண்ணை வைத்துப் பார்த்தால், விளிம்பின் அடியில் குமிழிகள் வெளியேறுவதுகூடச் சில நேரம் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. எரிந்ததால் உண்டான நீராவியும் தம்ளர்ச் சுவரில் முத்து முத்தாகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவதன் பங்கு இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் அது மாயமாக மறைந்துவிடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. சுடர் அணையும்போது உள்ளே இருந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியும் இருக்கிறது.

இதையெல்லாம் ஏழு வயதுக் குழந்தைக்கு விளக்கத் தேவையே இல்லை. கேள்வியைக் கையில் கொடுத்தால் போதும். பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டுத் தண்ணீருக்கு நிறம் ஏற்றுங்கள். முதலில் ஒரு மெழுகுவத்தி, அடுத்து அதே தம்ளருக்குள் இரண்டு, பிறகு மூன்று. நீர் எவ்வளவு உயர்கிறது என்று தம்ளரின்மேல் குழந்தைகளே பேனாவால் கோடு போடட்டும். மெழுகுவத்தி கூடக்கூட நீர் கூடுதலாக ஏறும். தம்ளர் அதேதான், உள்ளே இருந்த ஆக்சிஜனும் அதே அளவுதான். பின் ஏன் கூடுதலாக ஏற வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நம் ஆட்கள் விடையை உளறிவிடுகிறார்கள்.

அடுத்து, நெருப்பே இல்லாமல் செய்து காட்டுங்கள். கனமான கண்ணாடிப் பாட்டிலில் நல்ல வெந்நீரை ஊற்றிச் சற்று வைத்திருந்து, கொட்டிவிட்டு, அதே நிறத் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்துங்கள். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். பாட்டில் ஆற ஆறத் தண்ணீர் கழுத்தில் ஏறும். எரிந்தது எதுவுமில்லை, ஆனாலும் ஏறுகிறது. “அப்படியானால் சூட்டினால்தானா?” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

தவறான விளக்கத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். விளக்கத்தைத் திருத்தலாம். தன் கண் பார்த்ததைப் பெரியவர் சொல்லுக்காக விட்டுக்கொடுக்கப் பழகிய பிள்ளையை எந்த வகுப்பில் வைத்துத் திருத்துவது?

‘உங்களுக்குத் தெரியுமா?’

இரண்டு செயல்பாடுகளுக்கு நடுவே துணுக்குகள் சொல்வது நல்ல பழக்கம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வாசிப்பது கெட்ட பழக்கம். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளிலும் எல்லாச் சுவையும் தெரியும். ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை நாக்கின் நுனியில் வைத்தாலே வரைபடம் பொய்யென்று தெரிந்துவிடும். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. நெருப்புக்கோழி மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வதும் இல்லை.

தினமும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் என்பது இன்னொன்று. நம் ஊரில் அது ஆண்டுக்கு இரண்டே நாள்தான் நடக்கும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும் நிழலில்லா நாள்கள் அவை. ஏப்ரலில் அந்தக் கணம் சரியாக 12 மணிக்கு வராது, சுமார் 12.07க்கு வரும். நிமிர்ந்து நிற்கும் குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். டெல்லியில் எந்த நாளிலும் இதைப் பார்க்க முடியாது. இந்தத் துணுக்கைச் சொல்வதைவிட, குச்சியை நட்டு மணிக்கொரு முறை நிழல் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள்.

பரிசு

வேண்டாம்.

முளைக்காத விதை

கோப்பைக்குள் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போடுகிறோம். ஓரிரு நாளில் முளைவிடும். எப்போதும் இரண்டு மூன்று கோப்பைகள் முளைக்காது. குழந்தை வாடிவிடுமே என்று, யாரும் பார்க்காத நேரத்தில் முளைத்த விதையை அதில் மாற்றி வைத்துவிடும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பையில்தான் அன்றைய பாடமே இருந்தது.

விதையை வெளியே எடுத்து, குழந்தையையே விரலால் நசுக்கி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கொழகொழத்து நாறினால் தண்ணீர் மிஞ்சிவிட்டது, விதைக்குக் காற்று கிடைக்கவில்லை. கல்லாகவே இருந்தால் ஈரம் உள்ளே போகவில்லை. பிறகு கையைக் கழுவச் செய்து, வேறு இரண்டு பயறுகளைக் கொடுங்கள். இந்த முறை எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.