கார்டு ஏறவில்லையா? ரவுட்டரை அணைக்காதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "லைன் கார்டு ஏறவில்லை சார், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடலாமா?" (லைன் கார்டு என்பது பெரிய ரவுட்டரின் ஸ்லாட்டில் செருகும், கேபிள் போர்ட்டுகள் கொண்ட அட்டை; ஏறவில்லை என்றால் இயங்கத் தொடங்கவில்லை என்று பொருள்.) எனக்குச் சுருக்கென்றது. 2010இல் இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. நேராக அணைத்துப் போட்டேன்.

நிலைமின்னைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டை அணிவது, கார்டின் இரண்டு நெம்புகோல்களையும் சேர்த்து மடக்குவது எல்லாம் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். கார்டு செருகும்போது நடக்கும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாக் கார்டும் ஒன்றுதான் என்று நினைப்பது

அன்று என் கையில் இருந்தது சிஸ்கோ 7600. அதன் சூப்பர்வைசர், அதாவது ரவுட்டரின் மூளையான கார்டு, 3பிஎக்ஸ்எல் வகை. பாதி விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கிய பழைய கார்டு 3பி வகை. ஸ்லாட்டில் பொருந்துகிறது, போர்ட்டும் ஒன்றுதான். பெயரில் இரண்டு எழுத்து குறைந்தால் என்ன என்று நினைத்தேன்.

அந்த இரண்டு எழுத்தில்தான் விஷயமே இருந்தது. இவ்வகை ரவுட்டரில் சூப்பர்வைசர் அண்டை ரவுட்டர்களுடன் பிஜிபி (வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) பேசி வழி அட்டவணையைத் தயாரிக்கிறது. அதன் நகல், தனக்கென முன்னனுப்பும் சில்லு உள்ள ஒவ்வொரு லைன் கார்டிலும் எழுதப்படுகிறது. கார்டுக்குள் நுழையும் பாக்கெட் சூப்பர்வைசரைத் தேடிப் போவதில்லை. அங்கேயே வழி பார்த்துக்கொண்டு, நடுவிலுள்ள ஃபேப்ரிக் (கார்டுகளை இணைக்கும் உள்பாதை) வழியாக வெளியேற வேண்டிய கார்டுக்குப் போய்விடுகிறது. வேகத்தின் ரகசியம் இதுதான். ஆனால் எல்லா நகலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு கார்டில் அட்டவணைக்கு இடம் குறைவு என்றால் சேசிஸ் (கார்டுகளைத் தாங்கும் கூடு) முழுவதும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். வீட்டில் ஓர் உழக்கு இருக்கிறது என்பதற்காக மரக்காலையும் உழக்காக வெட்டுவது போல.

இந்த முடிவை ரவுட்டர் எடுப்பது பூட் ஆகும்போது மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் அந்தக் கார்டுக்கு மின்சாரம் தர மறுத்துவிடும். உண்மையில் அது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானோ இரவு இரண்டு மணிக்கு ரீபூட் கொடுத்தேன். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறுவதற்குள் தொலைபேசி. சில தளங்கள் திறக்கின்றன, சில நகரவே இல்லை. எக்ஸ்எல் முறையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிவி4 வழிகளுக்கு இருந்த இடம், 3பி முறையில் 1,96,608 ஆகச் சுருங்கியிருந்தது. அப்போதே இணையத்தின் முழு அட்டவணை மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடம் கிடைக்காத வழிகளின் பாக்கெட்டுகள் மென்பொருளுக்கு வந்து குவிந்தன. சிபியு 99 சதவீதம். பிஜிபி இணைப்புகள் அறுந்து அறுந்து ஒட்டின. பதறிப்போய் அந்த 3பி கார்டைப் பிடுங்கினேன், எதுவும் மாறவில்லை. பூட் ஆகும்போது எடுத்த முடிவு அப்படியே நின்றது. கார்டை வெளியே வைத்துவிட்டு மறுபடி ரீபூட் செய்யும் வரை, வாடிக்கையாளர்களிடம் இரண்டு மணி நேரம் திட்டு வாங்கினேன்.

ரீபூட் ஆனதும் 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்டுவேர் பிஎஃப்சி மோடு' என்ற ஒரு வரியை அடித்திருந்தால் ரவுட்டர் 3பி முறைக்கு இறங்கியது தெரிந்திருக்கும். தயாரிப்பாளர் எதையும் ஒளிக்கவில்லை, கையேட்டில் எழுதியே இருந்தது. படிக்காதவன் நான்.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஜூனிபர் எம்எக்ஸ் ரவுட்டரில், புதிய தலைமுறைக் கார்டுகளுக்கான 'என்ஹான்ஸ்டு ஐபி' முறைக்கு மாறினால் டிபிசி எனும் பழைய தலைமுறை லைன் கார்டுகள் எழுந்திருக்கவே மாட்டா.

போர்ட்டுகளை மட்டும் எண்ணுவது

சிஸ்கோ 7600இல் செருகும் 6708 கார்டில் பத்து கிகாபிட் போர்ட்டுகள் எட்டு. ஃபேப்ரிக்குக்குப் போகும் பாதையோ நாற்பது கிகாபிட். எண்பதை விற்றுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

காப்பு இணைப்பையும் அதே கார்டில் செருகுவது

வேறு ஸ்லாட். விளக்கம் தேவையில்லை.

காலி ஸ்லாட்டைத் திறந்தபடி விடுவது

மூடித் தகட்டைப் போடுங்கள். காற்று குறுக்கு வழியில் ஓடிவிட்டால் பக்கத்துக் கார்டு வேகும்.

முட்டினால் அழுத்துவது

வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின்தளத்தில் (கார்டு போய்ப் பொருந்தும் பின்பலகையில்) ஓர் ஊசி வளைந்தால் செலவு கார்டோடு நிற்காது, சேசிஸையே மாற்ற வேண்டிவரும்.

பையனின் கார்டு ஏன் ஏறவில்லை என்று கேட்கிறீர்களா? போதிய மின்சாரம் இல்லை என்று ரவுட்டரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) தெளிவாகவே இருந்தது. ரேக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். நான்காவது பவர் சப்ளையைச் செருகியிருந்தான், சுவிட்சைத்தான் போடவில்லை.